மெர்போக் ஆற்றங்கரை சொல்லும் வரலாறு

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அழகு மட்டுமன்று, கலங்களை நம்பி வாழ்ந்த பண்டைக் காலத்தில், ஆறில்லாத ஊருக்கு ஆக்கமும் இல்லை. காவிரி கடலோடு கலக்குமிடத்தில் பூம்புகார் எழுந்தது. பொருநையாற்றின் கழிமுகத்தில் கொற்கை எழுந்தது. பேரியாற்றின் முகத்தில் முசிறி எழுந்தது. ஆனால் ஊரை ஆக்கிய ஆறே அதனை மாற்றவும் வல்லது. பொருநை சுமந்து வந்த வண்டல் பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கையைக் கடலினின்று பிரித்து, வயல் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூராக ஆக்கிவிட்டது. இன்று கொற்கைக்குச் செல்வோர் அங்கே கடலைக் காண்பதில்லை.

கொற்கைக்கு நேர்ந்த அதே கதை, நாம் வாழும் கெடா மாநிலத்திலும் நிகழ்ந்துள்ளது. ஜெராய் மலையின் தென்புறத்தே மெர்போக் என்னும் சிற்றூர் உள்ளது. சில கடைகள், மலாய்க் கம்பங்கள், செம்பனைத் தோட்டங்கள், சற்றே அப்பால் கண்டற்காடு அடர்ந்த ஓர் ஆறு ஆகியவையே வழிப்போக்கர் கண்ணுக்குப் படும். ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகமும் சீனமும் அரபு நாடும் அறிந்திருந்த ஒரு பெருந்துறை இவ்வாற்றங்கரையில் இருந்தது. நம் மாணாக்கர் கடாரத்தை வென்ற சோழனின் பெயரைத் தயங்காது சொல்வர். அக்கடாரத்தில் வாழ்ந்தவர் யார், அவர் என்ன தொழில் செய்தனர், அவ்வூர் ஏன் எழுந்தது, ஏன் மறைந்தது என்று வினவினால் விடை சொல்லத் தயங்குவர். போர் நிகழ்ந்த ஓர் ஆண்டை அறிந்து, மக்கள் வாழ்ந்த பல நூற்றாண்டுகளை அறியாதிருத்தல் வரலாற்றறிவு ஆகாது. ஆதலின் அவ்வாற்றங்கரையின் வரலாற்றைத் தொடர்ச்சியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் ஆறும் காற்றும்

மெர்போக் துறையின் தோற்றத்திற்கு மூன்று இயற்கைக் காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது ஜெராய் மலை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள இம்மலை, மற்ற மலைத்தொடர்களோடு சேராமல், கடற்கரையை ஒட்டித் தனித்து நிற்கின்றது. வங்கக் கடலைக் கடந்து கிழக்கு நோக்கி வரும் மாலுமிகளுக்கு இதுவே கரை காட்டும் அடையாளமாக விளங்கியது. கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் இயற்கை நாட்டிய கலங்கரை விளக்கம் இம்மலை எனலாம்.

இரண்டாவது காரணம் பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியக் கரையினின்று புறப்பட்ட கலங்கள் கிழக்கு நோக்கி வந்தன. வடகிழக்குக் காற்று எழுந்தபின் அவை தாயகம் திரும்பின. தென்சீனக் கடலினின்று வந்த கலங்களும் தமக்குரிய காற்றிற்காகக் காத்திருக்க நேர்ந்தது. காற்று மாறுமளவும் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். குடிநீரும் உணவும் வேண்டும். பழுதுற்ற கலத்தைச் செப்பனிட மரமும் வேண்டும். அவற்றையெல்லாம் ஜெராய் மலையின் அடிவாரம் வழங்கியது.

மூன்றாவது காரணம் ஆறுகள். மெர்போக் ஆறு நீளத்தாற் குறுகியது. ஆனால் அதன் கழிமுகம் அகன்றது. கடலலையினின்று கலங்களைக் காக்க வல்லது. அதற்குத் தெற்கே ஓடும் மூடா ஆறு கெடாவின் பேராறு. உள்நாட்டுக் காடுகளின் விளைபொருள்களைக் கடற்கரைக்குக் கொண்டுவரும் நெடுவழியாக அது பயன்பட்டது. மெர்போக் ஆற்றில் வந்து கலக்கும் சிற்றாறுகளுள் ஒன்று பூஜாங். பாம்பைக் குறிக்கும் புஜங்கம் என்னும் வடசொல்லே பூஜாங் எனத் திரிந்தது என்பாரும் உளர். அச்சிற்றாற்றின் பெயராலேயே இப்பகுதி முழுவதும் இன்று பூஜாங் பள்ளத்தாக்கு என வழங்கப்படுகின்றது. அக்காலத்தில் கடற்கரை இன்றுள்ளதினும் உள்ளடங்கியிருந்தது. ஆதலின், இன்று செம்பனை நிற்கும் நிலங்கள் சில, அன்று படகுகள் வந்து சேர்ந்த நீர்க்கரைகளாய் இருந்தன.

பல மொழிகளில் ஒரு பெயர்

ஓர் ஊரை எத்தனை மொழியினர் தத்தம் நாவில் அழைத்தனர் என்பதைக் கொண்டு அதன் பெருமையை அளக்கலாம். தமிழர் இந்நாட்டைக் கடாரம் என்றும் கிடாரம் என்றும் அழைத்தனர். வடமொழியாளர் கடாகம் என்றனர். அரபு வணிகர் கலா என்றனர். சீனத் துறவியர் தம் மொழி ஒலிக்கேற்பக் காச்சா என எழுதினர். பட்டினப்பாலை, புகார் நகரில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்தில் காழகத்துப் பொருள்களையும் குறிப்பிடுகின்றது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வரைந்துள்ளார். உரையாசிரியர் கருத்தை ஏற்பின், தமிழகத்திற்கும் இக்கரைக்கும் உள்ள உறவு சோழப் பேரரசுக்கு மிக முற்பட்டது என்பது விளங்கும்.

சீனத் துறவி இத்சிங் 671ஆம் ஆண்டில் தம் நாட்டினின்று புறப்பட்டுச் சிரீவிசயத்தை அடைந்து, பின்னர் மலாயு நாட்டின் வழியாகக் கெடாவிற்கு வந்து, இங்கிருந்து இந்தியாவிற்குக் கலமேறினார். அவர் எழுதிவைத்த குறிப்புகளுள் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஊசிங் என்னும் மற்றொரு துறவி கெடாவினின்று மேற்கு நோக்கி 30 நாள் பயணஞ்செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என்பதே அச்செய்தி. அங்கிருந்து இலங்கைக்கு மேலும் 2 நாள் பயணம். ஏழாம் நூற்றாண்டிலேயே கெடாவும் நாகப்பட்டினமும் ஒரு கடல்வழியின் இரு முனைகளாய் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இவ்விரு பெயர்களையும் நினைவில் இருத்துதல் நலம். இவ்வரலாற்றில் அவை மீண்டும் மீண்டும் இணைந்தே வரும்.

மண் காட்டும் சான்றுகள்

நூல்கள் கூறாதவற்றை மண் கூறும். பீடோங்கிற்கும் மெர்போக்கிற்கும் இடைப்பட்ட சுங்கை பத்து என்னுமிடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு முதல் விரிவான அகழாய்வு நடத்தினர். செம்பனை மரங்களுக்கிடையே அவர்கள் கண்டது அரண்மனையன்று, இரும்புருக்கும் தொழிற்களம். உலைக்குள் காற்றைச் செலுத்தப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள் அங்கே பெருந்தொகையாகக் கிடைத்தன. இரும்புக் கழிவுகள் குவியல் குவியலாய்க் கிடந்தன. செங்கல்லால் அமைந்த படகுத் துறைகளும் வெளிப்பட்டன. இக்களத்தின் தொடக்கம் கிறித்துவுக்கு முற்பட்டது என்று அகழாய்வுக் குழுவினர் அறிவித்தனர். அக்காலக் கணிப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்த நூற்றாண்டாயினும், இரும்பை உருக்கிக் கடல்வழி அனுப்பும் திறம் பெற்ற ஒரு சமுதாயம் இங்கு வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்வுண்மை நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. வெளிநாட்டார் வந்து நாகரிகத்தைக் கொடுக்கும் வரை இங்கிருந்தோர் ஒன்றும் அறியாதிருந்தனர் என்று எண்ணுதல் தவறு. இங்கே தொழில் இருந்தது. விற்கப் பொருள் இருந்தது. அதனை நாடியே வணிகர் வந்தனர். வந்தவர் தம் சமயத்தையும் எழுத்தையும் கலையையும் உடன் கொணர்ந்தனர். இருந்தவர் அவற்றுள் வேண்டியதை ஏற்றுத் தமக்கேற்ப அமைத்துக் கொண்டனர். கொண்டும் கொடுத்தும் வளர்ந்ததே இத்துறையின் நாகரிகம்.

மூடா ஆற்றின் கழிமுகத்தை அடுத்த சுங்கை மாஸ், பூஜாங் ஆற்றங்கரையிலுள்ள பெங்காலான் பூஜாங் ஆகிய இரண்டும் அடுத்தடுத்துச் சிறப்புற்ற துறைகள். பெங்காலான் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்பதே பொருள். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடிச் சிதைவுகள், பலநிற மணிகள் ஆகியவை கிடைத்துள்ளன. ஒரே கரையில் மூன்று திசைகளின் பொருள்கள் கலந்து கிடப்பதே, இது பன்னாட்டுச் சந்தையாய் விளங்கியது என்பதற்குச் சான்றாகும்.

இங்குள்ள கோவில்களை மலாய் மொழியில் சண்டி என்பர். அவற்றுள் நன்கு அறியப்பட்டது புக்கிட் பத்து பகாட் சண்டி. மலையடிவாரத்தில், தெளிந்த நீரோடையின் அருகே அமைந்த இக்கோவிலின் கல்லடித்தளம் விமானம், மண்டபம் என்னும் இரு பகுதிகளை உடையது. தமிழகக் கோவிலமைப்பை அறிந்தவர் அதன் தரைப்படத்தைப் பார்த்தவுடனே புரிந்துகொள்வர். ஆனால் மேலே கல்லாலான சிகரம் இல்லை. கற்றளங்களில் மரத்தூண் நிறுத்தி, அதன்மேல் மரத்தாலும் ஓலையாலும் கூரை வேய்ந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு. அடித்தளத்தில் ஒன்பது குழிகள் கொண்ட கற்பேழைகள் புதைக்கப்பட்டிருந்தன. தென்னாட்டு அமைப்பும் இந்நாட்டு மரவேலையும் ஒன்றுகூடிய இக்கோவிலைத் தனியே ஒருவருக்கு உரிமையாக்குதல் இயலாது. சைவ வைணவக் கோவில்கள் மட்டுமின்றிப் பௌத்தச் சின்னங்களும் இப்பள்ளத்தாக்கில் உள. பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தை ஒத்த வடிவில் பொறித்த பௌத்த வாசகங்களும் கிடைத்துள்ளன.

சோழரும் கடாரமும்

இனி, நம் பள்ளிகளில் அனைவரும் அறிந்த பகுதிக்கு வருவோம். கடாரம் என்றவுடன் 1025ஆம் ஆண்டின் படையெடுப்பே நினைவிற்கு வருகின்றது. முதலாம் இராசேந்திரனின் கடற்படை சிரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலிய இடங்களைத் தாக்கியது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றது. தஞ்சைப் பெரிய கோவிற் கல்வெட்டு இதனை விரித்துரைக்கின்றது. இது வரலாற்றுச் செய்தி, ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும், இதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நாம் மாணாக்கர்க்குச் சொல்கின்றோமா?

முன்னர் நிகழ்ந்தது இது. இராசராச சோழன் காலத்தில், கடாரத்தரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பள்ளி எழுப்பப்பட்டது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அப்பணியை நிறைவேற்றினான். சைவனாகிய இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பௌத்தப் பள்ளிக்கு வழங்கினான். தந்தை வாய்மொழியாய் வழங்கியதைச் செப்பேட்டில் எழுதி நிலைநிறுத்தியவன் இராசேந்திரனே. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்கும் ஆவணங்கள் இச்செய்தியைத் தாங்கியுள்ளன. இராசேந்திரன் ஆட்சியின் தொடக்கத்தில் கடாரத்தரசனின் பணியாளர் நாகப்பட்டினத்துச் சிவன் கோவிலுக்குச் சீனப்பொன் முதலிய கொடைகள் அளித்ததையும் கல்வெட்டுகளால் அறிகின்றோம். சிவன் கோவிலுக்குக் கடாரத்தார் பொன் கொடுத்தனர். புத்தர் கோவிலுக்குச் சோழன் ஊர் கொடுத்தான். அக்காலத்து உறவு அத்தன்மையது.

பின்னர் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் துணைவேண்டி வந்த அரசனுக்கே அதனை அளித்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. முதலாம் குலோத்துங்கன், தன் 20ஆம் ஆட்சியாண்டாகிய 1090இல், கடாரத்தரசனின் தூதர் வேண்டியதற்கிணங்க, அதே நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தான். போர் மூண்டு ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பள்ளி நின்றது, தூதர் வந்தனர், மன்னன் செவிசாய்த்தான்.

வேந்தர்களின் போருக்கு அப்பால், வணிகரின் கால்கள் ஓயாது நடந்தன. இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில், ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் பாதுகாப்பில் ஒப்படைத்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகின்றது. கெடாவின் வடக்கிலும் மேற்கிலும் தமிழ் வணிகர் குளம் தொட்டும் குழுவாய் அமர்ந்தும் வாழ்ந்தனர் என்பது இவற்றால் தெளிவாகும். வாளேந்தி வந்தோர் ஒரு பருவத்தில் திரும்பினர். துலாக்கோலேந்தி வந்தோர் தலைமுறை தலைமுறையாக வந்தனர். இரண்டனுள் எதனை நாம் மிகுதியாகப் பாடஞ்சொல்ல வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

துறை மறைந்த காலம்

பதினான்காம் நூற்றாண்டிற்குப் பின் பெங்காலான் பூஜாங்கின் ஒளி மங்கியது. ஆறுகள் கொணர்ந்த வண்டல் கரையைக் கடலை நோக்கி நீட்டியது. 1400ஆம் ஆண்டையொட்டி மலாக்கா எழுந்து, நீரிணை வாணிகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. கெடா மன்னர் இசுலாம் சமயத்தைத் தழுவினர்; மக்களும் தழுவினர். பழைய சண்டிகள் வழிபாடின்றி நின்றன. மரக்கூரை மக்கியது, செங்கல் சரிந்தது, காடு மூடியது. எவரும் படையெடுத்து அழிக்கவில்லை. ஆறு வழிமாறியதும், மக்கள் வழிமாறியதும், ஊர் மண்ணுக்குள் உறங்கிற்று.

அவ்வுறக்கம் கலைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில் ஆங்கில அதிகாரியாய் இருந்த ஜேம்ஸ் லோ, 1834இல் தூபி பொறித்த ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாநாவிகன் தன் பயணம் இனிது முடிய வேண்டிப் பொறித்த கல் அது. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். இன்று கொல்கத்தா அரும்பொருளகத்தில் உள்ளது. ஜெராய் அடிவாரத்திலுள்ள கோவிற் சிதைவுகளையும் லோ குறித்துவைத்தார். நூறாண்டு கழித்து, 1936, 1937ஆம் ஆண்டுகளில், குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாரோடு இங்குத் தங்கி, ஏறத்தாழ 30 இடங்களை ஆராய்ந்து எண்ணிட்டார். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் என்பார் புக்கிட் பத்து பகாட் சண்டியை மீள நிறுவினார். அதன் அருகே 1980இல் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. வேறிடங்களில் கிடந்த சண்டிகள் சிலவும் பெயர்த்துக் கொணரப்பட்டு, அவ்வளாகத்தில் அமைக்கப்பட்டன.

மீண்டும் நாகப்பட்டினத்திலிருந்து

இவ்வரலாற்றின் உருக்கமான பகுதி இனித்தான் வருகின்றது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையினின்று ஆங்கிலேயர் மேலாண்மைக்கு மாறியது. இரப்பர் விலை ஏறிய காலம் அது. ஜெராய் அடிவாரத்திலும் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களிலும் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரங்கள் நடப்பட்டன. தொழிலாளர் எங்கிருந்து வந்தனர்? திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களிலிருந்து, கங்காணிமார் பின்னே வந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ஊசிங் துறவி சென்ற கடல்வழி, மாறவிசயோத்துங்கவர்மனின் கொடைகள் சென்ற கடல்வழி, இப்போது கூலிக்கு வந்தோரின் கடல்வழியாயிற்று. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா என்னும் கப்பலை நம் பெரியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

வந்தவர் அறியாதது ஒன்றுண்டு. வேல்ஸ் ஆராய்ந்த இடங்களுள் சில தோட்டங்களுக்குள்ளேயே இருந்தன. சுங்கை பத்து தோட்டத்துக்குள் பழங்கோவில் ஒன்றின் சிதைவுகள் வெளிப்பட்டன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்குக் கட்டி, உளியும் வாளியுமாய்ப் பால்மரக் காட்டுக்குச் சென்ற ஆணும் பெண்ணும், தம் முன்னோர் வணிகராய் வந்து வழிபட்ட நிலத்தின்மீதே நடந்தனர். லயத்திற்கருகே ஆலமரத்தடியில் சூலம் நட்டு மாரியம்மனை வணங்கியபோது, தம் காலடியில் ஆயிரமாண்டுக் கோவில் புதைந்துகிடப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் எவருமிலர். தோட்டப் பள்ளியின் பாடநூலிலும் அது இல்லை.

அவர்களுடைய வாழ்வும் வரலாறுதான். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்தை நடுவாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பார் தொண்டர் படையைத் திரட்டினார். கூலிப்பணத்தை விழுங்கிய கள்ளுக்கடைகளின்முன் தொழிலாளர் மறியல் செய்தனர். காவலரோடு மோதல் நேர்ந்தது, உயிரும் பலியாயிற்று. தம் குடும்பத்தின் மானத்தைத் தாமே காக்க எழுந்த அம்மக்களின் பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தொழிலாளியின் பெயரும் எக்கல்வெட்டிலும் இல்லை. ஆற்றங்கரையை உண்மையில் உருவாக்கியவர் இருசாராருமே.

2013 கற்பித்த பாடம்

2013ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டையே திடுக்கிடச்செய்த செய்தியொன்று வெளிவந்தது. சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண்ணிட்ட சண்டி, வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரமாண்டுக்கு மேல் மண்ணும் மழையும் காத்த செங்கற்றளத்தை மண்வாரி இயந்திரம் அழித்துவிட்டது. நிலம் தனியார்க்குரியது, சண்டியோ மரபுடைமையாகப் பதிவு செய்யப்படவில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும், பட்டியலில் இடம்பெறாத ஒன்றை அதனால் காக்க இயலவில்லை.

இதில் எவரையும் பழித்துப் பயனில்லை. ஒரு பொருளின் அருமையை அருகில் வாழ்வோர் அறிந்திருந்தால், அதன்மேல் இயந்திரம் ஏறுமுன் ஒரு குரலாவது எழுந்திருக்கும். அறிவிக்கும் பொறுப்பு யாருடையது? அரசினது மட்டுமன்று, ஆசிரியர்களாகிய நம்முடையதும் ஆகும். சட்டம் பட்டியலைக் காக்கும். பட்டியலில் ஏறாததை மக்களின் நினைவே காக்கும்.

மண் இன்னும் தன் செல்வத்தை முழுவதும் காட்டிவிடவில்லை. ஜெராயின் வடபால், யான் வட்டாரத்தை அடுத்த புக்கிட் சோராசில், 2023, 2024ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், பெருமளவு சிதையாத பௌத்தத் தூபியும் சுதையுருவங்களும் வெளிப்பட்டன. நாம் அறிந்தது சிறிது, அறியவேண்டுவது பெரிது.

ஆசிரியர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, கடாரப் பாடத்தை நிலப்படத்தோடு நடத்துதல். நாகப்பட்டினத்தையும் மெர்போக்கையும் ஒரு கோட்டால் இணைத்து, பருவக்காற்றின் திசைகளை அம்பிட்டுக் காட்டினால், ஊர் ஏன் அங்கு எழுந்தது என்பதை மாணவன் தானே உணர்வான். இரண்டாவது, பழம்பொருளைத் தொடும் முறையைக் கற்பித்தல். தோட்டத்திலோ வாய்க்காலிலோ பழஞ்செங்கல்லோ மணியோ கண்டால், அதனை எடுத்து வீட்டிற்குக் கொண்டுபோதல் கூடாது. எந்த மண்ணடுக்கில் எப்பொருளோடு கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லும் சான்று. இடம்பெயர்ந்த ஓடு வாயிழந்த சாட்சியாகும். இடத்தைக் குறித்துக்கொண்டு அரும்பொருளகத்திற்கு அறிவித்தலே முறை. மூன்றாவது, தோட்டத்து முதியோரின் நினைவுகளைத் திரட்டுதல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் இடிந்து வீடமைப்புப் பகுதிகளாயின. எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கப்பலில் வந்தோம் என்று கூறவல்லோர் குறைந்து வருகின்றனர். அவர் சொல்லை மாணவன் கையால் எழுதிவைப்பின், அதுவே நாளைய செப்பேடாகும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கடாரத்தை நாம் வென்ற நாடென்று மட்டும் பேசினால், நம் அண்டை வீட்டு மலாய் நண்பர்க்கு அது பிறர் பெருமையாகவே ஒலிக்கும். பல இனத்தவர் கூடித் தொழிலும் வாணிகமும் வழிபாடும் வளர்த்த துறையென்று பேசினால், அவரும் தம் முன்னோரை அங்கே காண்பர். சீன நண்பரும் காண்பர். அப்போது அச்செங்கற்களைக் காக்கும் கைகள் பலவாகும். அதுவே வரலாற்றுக்கு உண்மையானதும், நமக்கு நன்மையானதும் ஆகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சூறையாடியது. அதே நாளில் மூடா ஆற்றின் கழிமுகத்திலுள்ள கோத்தா கோல மூடாவையும் தாக்கியது. இரு கரையிலும் மீனவர் வீடிழந்தனர். ஆயிரம் ஆண்டுகளாய்க் கலங்கள் இணைத்த இரு கரைகளை அன்று துயரம் இணைத்தது. இடைப்பட்ட கடல் ஒன்றே என்பதை வரலாறும் சொல்கின்றது, இயற்கையும் சொல்கின்றது. மெர்போக் ஆறு இன்றும் கண்டற்காட்டினூடே ஓசையின்றி ஓடிக் கடலிற் கலக்கின்றது. அதன் கரையில் வாழ்ந்தவர்களை, வென்றவர் பெயரோடு சேர்த்து, நம் மாணாக்கர் நினைவில் நிறுத்துவது நம் கடன்.